‘குவிய ஒட்டல்’ வேண்டாம், ‘பற்றிடம்’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

கலம் (செல்) தன் புறத்தேயுள்ள தாயத்தை, அதாவது தன்னைச் சூழ்ந்த புரத வலையை, பிடித்துக்கொள்ளும் சிறு திட்டுக்குக் (focal adhesion) ‘குவிய ஒட்டல்’ என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கும் நான், சென்ற கிழமை அதை வெண்பலகையில் எழுதிப் பார்த்தேன். பௌதிக வகுப்பில் வில்லைகளை முடித்துவிட்டு வந்திருந்த ஒரு பிள்ளை, “சேர், இதன் குவியத்தூரம் எவ்வளவு?” என்று கேட்டாள். அவள் அதைப் பகிடியாகக் கேட்கவில்லை.

இங்கே எதுவும் குவிவதில்லை. 1971இல் ஏபர்குரொம்பியும் உடனாய்வாளரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டவை, நாரரும்பர்க் கலத்தின் (தாயத்தின் நார்களை ஆக்கும் கலம்) அடிப்பக்கத்தில் ஆங்காங்கே அடர்ந்து தெரிந்த திட்டுகள். கலம் தன் அடிப்பரப்பு முழுவதாலும் ஒட்டிக்கிடக்காமல் சில இடங்களால் மட்டுமே பிடிக்கிறது என்பதுதான் செய்தி. எனவே சொல்லில் ‘இடம்’ வந்தாற் போதும்.

‘ஒட்டல்’ என்பதிலேதான் எனக்குக் கூடுதலான மனக்குறை. முத்திரை ஒட்டும், பசை ஒட்டும், ஒட்டியபின் அவற்றுக்கு வேலையில்லை. கலத்தின் பிடி அப்படிப்பட்டதன்று. மென்சவ்வில் நிற்கும் இன்ரெகிரின் புரதம் ஓய்வில் மடங்கிக் கிடக்கிறது. உள்ளிருந்து தலின் என்னும் புரதம் வந்து அதன் வாலைத் தொட்டதும் அது நிமிர்ந்து, வெளியே தாயத்திலுள்ள பைபுரோனெற்றின் என்னும் புரதத்தைப் பிடிக்கிறது. பிடித்த செய்தி உடனே உள்ளே திரும்புகிறது: அங்கே திரளும் கைனேசு நொதியம் (பொசுபேற்றுக் கூட்டத்தைப் புரதங்களில் ஏற்றுவது) தன் 397ஆம் அமினோவமிலமான தைரோசீனில் தானே பொசுபோரிலேற்றம் செய்துகொள்ள, அந்த இடத்தில் சார்க் என்னும் இன்னொரு கைனேசு வந்து அமர்கிறது, அங்கிருந்து செல்லும் சமிக்ஞைகள் ராக், ரோ என்னும் ஆளிப் புரதங்களை (சுவிட்சு போன்றவை) எட்டுகின்றன. முன்விளிம்பில் ராக் அக்ரின் இழைகளை வளர்த்துக் கலத்தை முன்னே நீட்டுகிறது; ரோ இழைகளைச் சுருக்கி உடலையும் பின்புறத்தையும் இழுக்கிறது.

பனை ஏறுபவரை நினைத்துப் பாருங்கள். கைகளால் மரத்தை அணைத்துக்கொண்டு தளைநார் பூட்டிய கால்களை மேலே இழுக்கிறார். பின்னர் கால்களால் மரத்தைக் கவ்விக்கொண்டு கைகளை விட்டு உயர்த்துகிறார். பிடி தளர்ந்தால் வழுக்குவார், விடாமலே பிடித்தால் ஓர் அடியும் ஏறமாட்டார். கலமும் அவ்வாறே: பிடி மிக வலுத்தாலும் மிக நலிந்தாலும் வேகம் குறையும், இடைப்பட்ட பிடியிலேயே விரைவாக நகரும் என்பதை 1997இல் அளந்தே காட்டிவிட்டார்கள். திட்டில் திரளும் அந்த முதற் கைனேசு இல்லாத எலிக் கலங்களில் திட்டுகள் குறையவில்லை, கூடின. ஆனால் கலங்கள் மெதுவாகவே நகர்ந்தன. பிடிப்பதற்கு மட்டுமன்றி விடுவதற்கும் அந்த நொதியம் வேண்டியிருக்கிறது.

பற்றுதலும் பற்று விடுதலும் தமிழில் ஒரே வினையைச் சுற்றி நிற்பவை. ஆகவே திட்டுக்குப் ‘பற்றிடம்’ என்றும், நொதியத்துக்குப் ‘பற்றிடக் கைனேசு’ என்றும் வைக்கலாம் என்பது என் துணிபு. பற்றுச்சீட்டு நினைவுக்கு வருகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். வரட்டும், அதுவும் கையிற் பற்றியதற்கான சீட்டுத்தானே.

இன்ரெகிரினின் இருவழிச் சமிக்ஞைக்கு ‘அகநோக்கு’, ‘புறநோக்கு’ என்ற அடைகள் போதும். தமிழகத்து நண்பர்கள் எழுதும் ‘உட்செல் சமிக்ஞை’ உள்ளே செல்வதா, செல்லுக்கு உட்பட்டதா என்று மயங்கவைக்கிறது. ‘கலம்’ என்று எழுதும் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கலம் ஊர்ந்து செல்வதை ‘இடம்பெயர்வு’ என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். சொல்லாகப் பிழையில்லை. ஆயினும் முகாமிற் பதிவான குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், காயம் ஆற விரையும் வெண்குழியத்தை (வெள்ளையணுவை) பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வேறெங்கோ போய்விடுகிறது. ‘நகர்வு’ போதும்.

ஒரு வரையறை: பற்றிடம் என்பது கலத்துக்கும் தாயத்துக்கும் இடைப்பட்டதற்கு மட்டுமே. கலமும் கலமும் கட்ஹெரின் என்னும் புரதத்தாற் சேரும் இடத்துக்குச் ‘சந்தி’ என்ற பழைய சொல்லே இருக்கட்டும். அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.