டைனோவில் 620, தண்ணீரில் எவ்வளவு?

ஷார்ஜாவில் போட் எஞ்சின் ஒர்க்ஷாப் ஒன்றில் பதினோரு வருடமாக, எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ அறையைப் பார்த்துக்கொள்கிறேன். போன ஆகஸ்டில் வந்த ஒரு எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

502 கன அங்குல பிக் பிளாக், அதாவது 8.2 லிட்டர் வி8. வேறொரு இடத்தில் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றி, ஹெட்டில் வேலை செய்து கட்டியது. கூடவே ஒரு டைனோ ஷீட், 5,600 ஆர்பிஎம்மில் 620 எச்பி என்று. போட்டில் ஏற்றியபோது ஃபுல் திராட்டிலில் 4,700-ஐத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் மிஸ்ஸிங் வேறு ஆரம்பித்துவிட்டது. ஓனர் ஒரு இளைஞர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கட்டிய எஞ்சின். ஷீட்டை மேஜைமேல் வைத்து, "இதில் போட்டிருக்கும் எச்பி எங்கே?" என்று கேட்டார்.

பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப் என்ற சின்னக் கேமராவை உள்ளே விட்டேன். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பைச் சுற்றி செங்கல் பொடி அப்பியதுபோல் துரு. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வால்வ் சீட்டில் ஒரே ஒரு இடத்தில் கறுப்புக் கோடு, அந்த வழியாகத்தான் கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் வந்த வழி எக்ஸாஸ்ட். போட்டில் எஞ்சினைக் குளிரவைத்த கடல் தண்ணீரை எக்ஸாஸ்ட் குழாயிலேயே கலந்து வெளியே விடுகிறோம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். அது அதிகமான கேமைப் போட்டால், ஐடிலில் வெளியே போன புகை மறுபடி உள்ளே இழுபடும், தண்ணீர்த் துளிகளும் கூடவே வரும். ரிவர்ஷன் என்பது இதுதான். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலக்கும் குழாயான ரைசரைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் கலக்கும் இடத்துக்கு மேலே, காய்ந்து இருக்க வேண்டிய பகுதியில், உப்பு வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. வேகமாக ஓட்டியதில் வந்த சேதம் இல்லை இது. மரீனாவுக்குள் மெதுவாகப் போய் வருகிற அந்தப் பத்து நிமிடம் வால்வைத் தின்றிருக்கிறது.

அப்புறம் ஷீட்டை நிதானமாகப் படித்தேன். தண்ணீர் கலக்காத காய்ந்த ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்), காற்று போகும் வாயில் தீ வெளியே வராமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டர் இல்லை, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கரெக்ஷன், அதாவது அந்தக் குளிரில் ஓடினால் எவ்வளவு வரும் என்று மாற்றிப் போட்ட கணக்கு. பொய் எதுவும் இல்லை. ஆனால் 60 ஃபாரன்ஹீட் என்றால் பதினைந்தரை செல்சியஸ். ஆகஸ்டில் இங்கே எஞ்சின் மூடிக்குக் கீழே 45 டிகிரி சாதாரணம், அந்தச் சூட்டில் அதே அழுத்தத்தில் காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். புழுக்கம் இன்னும் கொஞ்சத்தைப் பறிக்கும். கரெக்ஷன் என்பது காகிதத்தில் போடும் கணக்கு, புரொப்பல்லருக்கு அது போய்ச் சேராது.

சரி, போட்டில் எப்படி ஓடுமோ அப்படியே டைனோவில் ஓட்டுவோம் என்று முடிவு செய்தோம். வால்வும் சீட்டும் புதிதாகப் போட்டு, பழைய கேமையே வைத்து முதல் ஓட்டம். போட்டிலிருந்து கழற்றிய அதே எக்ஸாஸ்ட், அதில் தண்ணீர், அதே அரெஸ்டர், அறையில் ஏசி இல்லை. கரெக்ஷன் போடாமல் 528 எச்பி. காய்ந்த ஹெடரை மாட்டி, அரெஸ்டரை எடுத்துவிட்டு, அவர்கள் போட்ட கரெக்ஷனையும் போட்டால் 612. கட்டியவர் ஏமாற்றவில்லை, படகுக்காகச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு இடையிலான கோணம்) 108 டிகிரி இருந்த கேமை எடுத்துவிட்டு 114 போட்டோம். ஓவர்லாப் குறைந்தது. ஈரமான எக்ஸாஸ்ட்டில் அதே நிலையில் 546 வந்தது. வெளியே போகத் திணறும் புகைக்கு ஓவர்லாப் குறைந்ததே நல்லதாகிவிட்டது. ஐடிலில் அரை மணி நேரம் விட்டு ரைசரைத் திறந்தேன், மேல்பகுதி பூராவும் காய்ந்த கரி. அதைத் தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டிய கறுப்பு எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்தது. போட்டில் அதே புரொப்பல்லரோடு 5,150 போனது.

இடையில் ஒன்று. நாம் எல்லோரும் கார் ரேஸோடு சேர்த்துப் பேசுகிற, தண்ணீரால் எஞ்சினுக்குச் சுமை கொடுக்கும் வாட்டர் பிரேக் டைனோ பிறந்ததே கப்பலுக்காகத்தான். வில்லியம் ஃப்ரூட் 1877-இல் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய எஞ்சின்களை அளப்பதற்காக உருவாக்கியது. எஞ்சினின் சக்தி முழுவதும் தண்ணீரில் சூடாக இறங்கும். 600 எச்பி என்றால் சுமார் 450 கிலோவாட், 5,000 லிட்டர் தொட்டி நிமிடத்துக்கு ஒன்றே கால் டிகிரி ஏறும். இந்த ஊர் வெயிலில் கூலிங் டவர் இல்லாமல் நீண்ட ஓட்டம் ஓட்டவே முடியாது.

*

அண்ணே, நான் புளோரிடாவில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன "நீண்ட ஓட்டம்" என்பதில்தான் நான் ஒரு பிஸ்டனை இழந்தேன்.

கார் எஞ்சின் பழக்கத்தில் வந்தவன் நான். எட்டு விநாடியில் 3,000-லிருந்து 6,000 வரை ஒரே இழுப்பு, கிராஃப் அழகாக வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பேன். 540 பிக் பிளாக் ஒன்றை அப்படித்தான் டியூன் செய்தேன். காற்று-எரிபொருள் விகிதம் 13.0, ஸ்பார்க் டைமிங் 36 டிகிரி, பவர் நன்றாகவே வந்தது. தண்ணீரில் நாலு நிமிடம் ஃபுல் திராட்டில் பிடித்திருக்கிறார்கள், ஏழாவது சிலிண்டரில் பிஸ்டன் ஓட்டை. அலுமினியம் பிளக் முனையில் சின்னச் சின்ன முத்துகளாக உருகி ஒட்டியிருந்தது. அந்தப் பிளக்கை இன்னும் என் டிராயரில் வைத்திருக்கிறேன்.

காருக்கு கியர் மாற்றும்போது மூச்சு விட நேரம் கிடைக்கும். படகு எப்போதும் மேடு ஏறுகிற லாரி மாதிரி, சுமை இறங்கவே இறங்காது. செவர்லே பிக் பிளாக்கில் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 5-ம் 7-ம் அடுத்தடுத்து எரிகின்றன, ஏழுக்குக் கலவையில் பங்கு குறையலாம், சூடும் ஏறும். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே அளவைப் பார்த்தது என் தப்பு. இப்போது ஒவ்வொரு எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள். 12.0 பக்கத்தில், எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் கலவை, டைமிங் மூன்று நாலு டிகிரி குறைவு, ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து மூன்று நிமிடம். ஆயில் சூடு ஒரு இடத்தில் நிலைத்து நின்றால்தான் எஞ்சினை டைனோவிலிருந்து இறக்குவேன். போகிற பத்துப் பதினைந்து எச்பி போகட்டும்.

*

ஒரு சந்தேகம் சார். ஈர எக்ஸாஸ்ட்டில், காற்று-எரிபொருள் விகிதம் பார்க்கும் வைட்பேண்ட் சென்சாரை எங்கே வைக்கிறீர்கள்? எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு போய்விட்டது.

*

தம்பி, சூடான சென்சாரில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விட்டுவிடும். தண்ணீர் கலக்கும் இடத்துக்கு முன்னால், காய்ந்த பகுதியில், மேல்பக்கம் பார்த்து பங் (சென்சாரைத் திருகி மாட்டும் வளையம்) வெல்ட் செய்யுங்கள். ஐடிலில் ரிவர்ஷன் இருந்தால் அங்கேயும் ஈரம் ஏறும், அதனால் முதலில் ரைசரைத் திறந்து உப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். டியூனிங் முடிந்ததும் சென்சாரைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் பிளக் போட்டு மூடிவிடுங்கள், திரெட்டில் ஆன்ட்டி-சீஸ் தடவ மறக்காதீர்கள். உப்புக்காற்றில் ஆறு மாதம் போனால் அது வெளியே வராது.