பரிசுப் பணம் “இறங்கிய குதிரைக்கு” மட்டுமா? சங்கச் சுற்றறிக்கையைப் படித்தீர்களா?

லாடம் | திங்கள், இரவு 9:12
“முதல் பரிசு உயர்கிறது, உறுப்பினர்களுக்கு நற்செய்தி” என்று நம் குதிரையேற்றச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. எழுதியவருக்குக் கூட்டல் கழித்தல் யார் சொல்லிக்கொடுத்தார்களோ! படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: தாவல் போட்டியில் ஒரு பிரிவுக்கு நுழைவுக் கட்டணம் 60 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது, இனி 85. அதில் 25 வெள்ளி “திடல் கட்டணம்” என்று முதலிலேயே போய்விடும். மிச்சம் 60-இல் 40 விழுக்காடு, 24 வெள்ளி, பரிசுக்கு. முன்பு 60-இல் பாதி, 30 வெள்ளி. நான்கு குதிரைக்கு ஓர் இடம் என்று இருந்த பரிசு இனி எத்தனை குதிரை வந்தாலும் மூன்றே இடம்.
இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசி வரியைப் பாருங்கள். பரிசுத் தொகையை இனி “இறங்கிய குதிரைகளை”, அதாவது போட்டியில் உண்மையிலேயே கலந்துகொண்டவற்றை மட்டும், எண்ணிக் கணக்கிடுவார்களாம். இதுவரை பதிவான குதிரைகளை எண்ணினார்கள். புதன் மாலை 6 மணிக்குப் பதிவு மூடிய பிறகு விலகினால் கட்டணமும் திரும்பாது, பரிசிலும் சேராது. அப்படியானால் அந்தக் காசு எந்தப் பையில்?

வரவுசெலவு | திங்கள், இரவு 9:40
அண்ணே, சுற்றறிக்கையை முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். உலகம் முழுக்க இறங்கிய குதிரையைத்தான் எண்ணுகிறார்கள். அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளன விதியே அதுதான்: இறங்கிய நான்கு பேருக்கு ஒரு பரிசு, குறைந்தது ஐந்து பரிசு. நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

லாடம் | திங்கள், இரவு 9:47
நல்ல வேளை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த விதி எத்தனை இடத்துக்குப் பரிசு என்பதற்கு. தொகைக்கு இல்லை. தொகையை அங்கே போட்டிக்கு முன்பே அச்சடித்து அறிவித்துவிடுவார்கள். பத்துக் குதிரை விலகினாலும் அது குறையாது. இடத்துக்கு இறங்கியது, பணத்துக்குப் பதிவானது. இரண்டையும் கலக்கிக் கோப்பி போடாதீர்கள். அதோடு “குறைந்தது ஐந்து” என்று நீங்களே எழுதிவிட்டு மூன்று இடத்தை எப்படி ஆதரிக்கிறீர்கள்?

வரவுசெலவு | திங்கள், இரவு 10:05
நம்முடையது அனைத்துலகப் போட்டி இல்லை, உள்ளூர்ப் போட்டி.

லாடம் | திங்கள், இரவு 10:06
தேவைப்படும்போது அனைத்துலகம், தேவைப்படாதபோது உள்ளூர். அருமை.
24 குதிரை பதிவு, 4 விலகல், 20 இறக்கம் என்று வையுங்கள். பழைய கணக்கு: 24 × 30 = 720 வெள்ளி பரிசு, ஐந்து இடம். 216, 180, 144, 108, 72. புதிய கணக்கு: 20 × 24 = 480, மூன்று இடம். 240, 144, 96. முதலில் வருபவருக்கு 24 வெள்ளி கூடியிருக்கிறது, அதுதான் “நற்செய்தி”. மூன்றாமவருக்கு 48 குறைந்தது. நான்காமவரும் ஐந்தாமவரும் ரிப்பனோடு வீட்டுக்குப் போகலாம். விலகிய நான்கு குதிரையின் பங்கு, 4 × 24 = 96 வெள்ளி, எங்கே?

ஆக்ஸர் | திங்கள், இரவு 10:31
லாடம் ஐயா, 96-ஐ விடுங்கள். 24 × 25 = 600 திடல் கட்டணம். வசூல் 24 × 85 = 2,040. பரிசு 480. நாற்பது விழுக்காடு என்று சொல்லிவிட்டு உண்மையில் திரும்புவது 23.5 விழுக்காடுதான். முன்பு சங்கம் ஒரு பிரிவில் வைத்துக்கொண்டது 720, இனி 1,560. பெரிய ஓட்டை அங்கே இருக்கிறது.

லாடம் | திங்கள், இரவு 10:34
600-க்குத் திடல் என்று ஒரு பெயராவது வைத்தார்கள். 96-க்குப் பெயரே இல்லை. பெயரில்லாத காசுதான் எனக்கு முக்கியம்.

புதுக்கடிவாளம் | திங்கள், இரவு 11:02
மன்னிக்கணும், ஒரு சந்தேகம். “இறங்கிய குதிரை” என்றால் திடலுக்குள் நுழைந்ததா, தொடக்கக் கோட்டைத் தாண்டியதா? சுற்றறிக்கையில் விளக்கம் இல்லை.

வரவுசெலவு | செவ்வாய், காலை 7:20
600 வெள்ளி எங்கே என்று கேட்பவர்கள் ஒரு நாள் காலை 5 மணிக்குத் திடலுக்கு வந்து பாருங்கள். வெயில் ஏறும் முன் தொடங்க வேண்டும், அதற்கு முன் மணலுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். காய்ந்த மணல் குளம்புக்குக் கீழே நழுவும். தண்ணீர் கூடினால் குழைந்து காலைப் பிடிக்கும். தாவல் பிரிவில் எல்லாக் குதிரையும் அதே பத்துப் பன்னிரண்டு தடையைத் தாண்டுவதால், கிளம்பும் இடமும் இறங்கும் இடமும் குழியாகும். நடுவில் ஒரு தடவையாவது பரம்பு இழுக்காவிட்டால் இருபதாவது குதிரை குழியிலிருந்து தாவும், கட்டை விழும், 4 தவறுப் புள்ளி, பிறகு எங்களைத்தான் திட்டுவார்கள். ஆம்புலன்ஸ் வராமல் முதல் குதிரையை விட முடியாது. அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்தது வரும்வரை போட்டி நிற்கும், அதனால் சில நாள் இரண்டு வண்டி. இதற்கு மேல் கால்நடை மருத்துவர், தடம் வரைபவர், நடுவர், ஒளிக்கதிர்க் கடிகாரம். பொருள் சேவை வரி வேறு 9 விழுக்காடு.

லாடம் | செவ்வாய், காலை 7:41
வரியை எங்களிடம் வசூலிக்கச் சங்கம் வரிக்குப் பதிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் எங்களுக்கு மிட்டாய் எங்கே?
மற்றபடி மணல் பாடத்துக்கு நன்றி. விலகிய குதிரை மணலை மிதிக்கவில்லை, குழி தோண்டவில்லை, கட்டையைத் தட்டவில்லை. உங்களுக்குச் செலவே வைக்காத அதன் 85 வெள்ளியை முழுசாக விழுங்குகிறீர்கள். 96 வெள்ளி எங்கே?

வரவுசெலவு | செவ்வாய், காலை 8:02
விலகுவது குறைய வேண்டும் என்பதற்குத்தான் இந்த விதி. பதிவு செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் காணாமல் போவது வழக்கமாகிவிட்டது. ஓட்ட வரிசை குலைகிறது, அடுத்தவர் பயிற்சித் திடலில் குதிரையைச் சூடேற்ற 20 நிமிடம் வைத்திருந்தால் அது 10 ஆகிறது.

சேணம்_புக்கித் தீமா | செவ்வாய், காலை 8:30
விலகுவது விளையாட்டுக்கா தம்பி? இந்த ஊர் ஈரத்தில் குளம்புச் சுவர் ஊறி மெத்தென்று ஆகும், ஆணி பிடி விடும். ஐந்தாறு வாரத்தில் மாற்ற வேண்டிய லாடத்தை ஏழாம் வாரத்துக்கு இழுத்தால் பயிற்சித் திடலிலேயே கழன்றுவிடும், ஆணி ஓட்டையோடு குளம்பும் பெயரும். அந்த ஓட்டைக்குள் உடனே திருப்பி அடித்தால் நிற்காது. விலகுவதைத் தவிர வழியில்லை. மருத்துவர் சான்று கொடுத்தால்கூடப் பணம் திரும்பாது என்பது எந்த ஊர் நியாயம்?

கிராஞ்சிக்காற்று | செவ்வாய், காலை 9:15
லாடத்தை ஏழு வாரத்துக்கு இழுப்பவர்தான் முதல் தப்பு. பந்தயக் குதிரைக்கு நான்கு வாரம். அந்த ஒழுங்கு இங்கே யாருக்கும் இல்லை.

சேணம்_புக்கித் தீமா | செவ்வாய், காலை 9:22
வந்துவிட்டார் பந்தயக்காரர். 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து 80 செ.மீ. உயரத் தாவல் பிரிவில் பாதி உங்கள் குதிரைகள்தான். கிராஞ்சியில் இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடியதுகளை எட்டு மாதம்கூடப் பழக்காமல் கொண்டுவருகிறீர்கள். வலப்பக்கத் திருப்பத்தில் விறைத்துக்கொண்டு நேராகப் போய் வேலியைப் பார்க்கிறது.

கிராஞ்சிக்காற்று | செவ்வாய், காலை 9:31
விறைக்கும், ஆனால் தாவும். வளையத்தில் வலப்பக்கம் நடைபழக்கி, தரைக்கட்டை நான்கைந்து போட்டுத் துள்ளு நடையில் விட்டால் சரியாகிவிடும். உங்கள் மட்டக்குதிரைகள் பூந்தொட்டியைக் கண்டாலே நிற்கும். 1842-லிருந்து புக்கித் தீமாவில் பந்தயம் நடத்திய கூட்டம் நாங்கள், எங்களுக்குப் பாடம் வேண்டாம்.

சேணம்_புக்கித் தீமா | செவ்வாய், காலை 9:38
1842-இல் புக்கித் தீமாவில் பந்தயமா! அப்போது ஃபேரர் பார்க். புக்கித் தீமாவுக்கு மாறியது 1933. அங்கே இருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிட்டவர்கள் யாரும் அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசிப்பதே இல்லை போலிருக்கிறது.

கிராஞ்சிக்காற்று | செவ்வாய், காலை 9:40
வருடத்தைப் பிடித்துத் தொங்குங்கள். தாவலில் பார்ப்போம்.

லாடம் | செவ்வாய், காலை 10:10
ஃபேரர் பார்க்கை அப்புறம் பார்க்கலாம். 96 வெள்ளி எங்கே?

ஆக்ஸர் | செவ்வாய், மதியம் 12:45
விதியைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? அரசின் சங்கப் பதிவகத்தின் மாதிரி விதிகளில், குறிப்பிட்ட நோக்கத்துக்கு உறுப்பினர்களிடம் கூடுதல் நிதி திரட்டப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. நம் சங்கமும் அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறது. திடல் கட்டணம் அதற்குள் வரும். மொத்த வாக்குரிமை உறுப்பினர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், எது குறைவோ அத்தனை பேர் எழுதிக் கொடுத்தால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். 30 கையெழுத்து, அவ்வளவுதான்.

வரவுசெலவு | செவ்வாய், மதியம் 1:10
நுழைவுக் கட்டணம் சந்தா இல்லை, நிதி திரட்டலும் இல்லை. செயற்குழு முடிவு செய்யலாம். கூட்டம் கேட்டு வாங்குபவர்கள் வந்து உட்காருவீர்களா? போன பொதுக்கூட்டத்தில் குறைந்தபட்ச ஆள் வரம்பு சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்தோம். அதற்குப் பிறகு இருந்தவர்களை வைத்துத்தான் நடத்தினோம். அப்படி நடக்கும் கூட்டத்தில் சங்க விதிகளைத் திருத்த முடியாது என்பதாவது தெரியுமா?

லாடம் | செவ்வாய், மதியம் 1:14
அந்தக் கூட்டத்தில் ரிப்பன் வாங்கிய கணக்கு கேட்டவருக்கு இன்றுவரை ரசீது வரவில்லை. அதனால்தான் யாரும் வருவதில்லை.
ஆக்ஸர், கூட்டம் போடலாம், நல்லது. தீர்மானத்தில் முதல் வரி 96 வெள்ளியாக இருக்கட்டும்.

ஆக்ஸர் | செவ்வாய், மதியம் 1:20
ஐயா, 600 பெரியதா 96 பெரியதா?

லாடம் | செவ்வாய், மதியம் 1:21
கொள்கை பெரியது.

புதுக்கடிவாளம் | செவ்வாய், மாலை 6:05
மறுபடியும் கேட்கிறேன். நொண்டும் குதிரையை விலக்கினால் 85 வெள்ளி போய்விடும், பரிசிலும் சேராது. அதே குதிரையை நடத்திக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டவிட்டு, தொப்பியைத் தொட்டு நடுவரிடம் விலகல் சொன்னால் “இறங்கியது” ஆகிவிடும், பரிசுத் தொகையில் 24 வெள்ளி ஏறும். அப்போது காலில் வலியுள்ள குதிரையைத் திடலில் இறக்கச் சொல்லித் தருகிறது இந்த விதி. சம்மேளன விதியில் மணி அடித்து 45 நொடி தருகிறார்கள், அதற்குள் கோட்டைத் தாண்டாவிட்டாலும் கடிகாரம் ஓடத் தொடங்கும். நமக்கு எது தொடக்கம்? மணியா, கோடா, வாசலா?

சேணம்_புக்கித் தீமா | செவ்வாய், மாலை 6:30
மின்னல் எச்சரிக்கை வந்து 14 குதிரையோடு நிறுத்தினால் மிச்சம் பத்துப் பேர் “இறங்காதவர்கள்”. அவர்கள் பணமும் போச்சா? பிற்பகல் மழை இந்த ஊரில் அதிசயமா?

வரவுசெலவு | செவ்வாய், இரவு 8:15
அதற்குத் தனி விதி வரும்.

லாடம் | செவ்வாய், இரவு 8:16
எப்போது? 96 வெள்ளியோடு சேர்ந்து வருமா?

வரவுசெலவு | செவ்வாய், இரவு 8:40
நீங்கள் 96 என்று ஜபிப்பதை நிறுத்தினால் மற்றதைப் பேசலாம். தொண்டூழியமாக வேலை செய்பவர்களைத் திருடன்போலப் பேசுவது உங்களுக்குப் பழக்கம். தடம் கட்ட ஆள் கேட்டபோது கை தூக்கியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தேன்.

லாடம் | செவ்வாய், இரவு 8:43
திருடன் என்று நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள். தடம் கட்டுவதைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், அகலத் தடையின் பின்கட்டையைத் தாங்கப் பாதுகாப்புக் கிண்ணம் வாங்கச் சொல்லி எத்தனை முறை கேட்டாயிற்று? குதிரை கட்டையின் மேல் வந்து இறங்கினால் அது கழன்று விழ வேண்டும், இல்லையென்றால் கால் சிக்கும். அதற்குக் காசில்லை, ஆனால் 96 வெள்ளிக்குக் கணக்கும் இல்லை.

கிராஞ்சிக்காற்று | செவ்வாய், இரவு 9:02
கிண்ணத்தை எல்லா இடத்திலும் மாட்டுவார்கள், பலகைக்குத் தட்டைக் கிண்ணம் போட மறந்துவிடுவார்கள். காற்றடித்தாலும் விழாத பலகையை இங்கேதான் பார்க்கலாம்.

புதுக்கடிவாளம் | செவ்வாய், இரவு 9:30
நாளை மாலை 6 மணிக்குப் பதிவு மூடுகிறது. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கோடா வாசலா?

லாடம் | செவ்வாய், இரவு 9:31
பொறுங்கள் தம்பி. முதலில் 96 வெள்ளிக்குப் பதில் வரட்டும்.