பிசிஓஎஸ் கருவிலேயே தொடங்கிவிடுகிறதா?

செம்பருத்தி: மகளுக்கு 17 வயது. ஸ்கேனில் சினைப்பை ஓரமாக முத்துக் கோத்தது போல நீர்க்கட்டிகள். கண்ணாடி முன் நின்று தாடை முடியை நூல் வைத்து எடுக்கிறாள். எனக்கும் பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து மாதவிலக்கு தவறும், முகத்தில் முடி வளரும் சினைப்பைக் கோளாறு) உண்டு. வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அதிகம் பட்டால் வருமாம். உண்மையா?

ஆய்வகன்: ஆதாரம் இருக்கிறது, அக்கா. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சினையாக இருந்த ரீசஸ் குரங்குகளுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டார்கள். பெண் குட்டிகள் வளர்ந்தபோது சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் கூடியது, முட்டை வெளியாவது தவறியது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. ஆடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

நெய்தல்: ஊசியில் போன அளவு என்ன, மனிதக் கருவுக்குப் போவது என்ன? நஞ்சுக்கொடியில் உள்ள அரோமடேஸ் நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். உடன் வளரும் ஆண் சிசுவின் ஹார்மோன் பெண் சிசுவைப் பாதிக்கிறதா என்று நெதர்லாந்தில் இரட்டையரைப் பார்த்தார்கள். கருப்பையில் ஆண் சிசுவோடு வளர்ந்த பெண்களுக்கு பிசிஓஎஸ் கூடுதலாக இல்லை. மரபணுதான் பெரும்பங்கு.

ஆய்வகன்: அந்த அரோமடேஸே குறைந்தால்? 2018இல் பிரான்சின் லீல் நகரக் குழு சொன்னது அதுதான். பிசிஓஎஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கு, சினைப்பையில் சுரக்கும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் அதிகமாக இருந்தது. அதே ஹார்மோனைச் சினை எலிகளுக்குச் செலுத்தியதும் நஞ்சுக்கொடியில் அரோமடேஸ் குறைந்தது, தாய்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறியது, பெண் குட்டிகளுக்கு பிசிஓஎஸ் அறிகுறிகள் வந்தன. வளர்ந்த பிறகு, மூளையில் சுரந்து எல்ஹெச்சைக் கூட்டும் ஜிஎன்ஆர்ஹெச்சைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது அறிகுறிகள் சீரடைந்தன! எனக்கு நம்பிக்கை தருவது இந்தக் கடைசி வரிதான்.

நெய்தல்: எலியில் சரி. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மனிதர்களையே பின்தொடர்ந்தார்களே? கர்ப்பத்தின் 18, 34ஆவது வாரங்களில் தாயின் ரத்தம், பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தம், பிறகு அந்தப் பெண் பிள்ளைகளின் பதின்பருவம். ஹார்மோன் அளவுக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஆய்வகன்: தாயின் ரத்தம் கருவின் ரத்தம் ஆகாதே. தொப்புள்கொடி ரத்தம் பிரசவ நேரத்து நிலையைத்தான் காட்டும். சினைப்பை உருவாகும் மாதங்களில் கருவுக்குள் நடந்ததை அது எப்படிச் சொல்லும்?

செம்பருத்தி: கர்ப்பத்தில் நான் கண்டதைத் தின்றதுதான் காரணம் என்று மாமியார் பதினேழு வருஷம் கழித்துச் சொல்கிறார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நெய்தல்: இல்லவே இல்லை, அம்மா. நானும் அவரும் சண்டை போடுவது மரபணுவா ஹார்மோனா என்றுதான். இரண்டுமே உங்கள் கையில் இருந்தவை அல்ல.

ஆய்வகன்: இதில் நெய்தல் சொல்வதுதான் சரி. மகளுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா, அக்கா?

செம்பருத்தி: இன்னும் இல்லை. திங்கட்கிழமை வெறும் வயிற்றில் கூட்டிப் போகிறேன்.