முதல் ஸ்டாம்பர் என்றால் ஒலியும் முதல்தரமா?

பழைய பிரிட்டிஷ் இ.எம்.ஐ. இசைத்தட்டு கைக்கு வந்ததும் பலரும் பார்ப்பது, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்று வளையத்தைத்தான். ஆறு மணித் திசையில் அந்தப் பக்கத்தின் எந்த வெட்டு என்று சொல்லும் மேட்ரிக்ஸ் எண், ஒன்பதில் ஸ்டாம்பர்களை உருவாக்கிய தாய்த்தகட்டின் எண், மூன்றில் ஸ்டாம்பரை, அதாவது தட்டை அழுத்தும் உலோக அச்சை, குறிக்கும் எழுத்துகள். கிராமபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து எடுத்த பத்து ஆங்கில எழுத்துகள் எண்களாக நிற்கும்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, கடைசி எழுத்தான டி 0. தனியாக 'ஜி' இருந்தால் முதல் ஸ்டாம்பர். உடனே விலை எகிறிவிடும்.

ஸ்டாம்பர் எண் சிறியதானால் ஒலி உயர்ந்தது என்ற இந்த நம்பிக்கையைச் சோதிக்க விரும்பினேன். இ.எம்.ஐ.யின் பார்லோஃபோன் லேபிளில் வந்த ஒரே ஆல்பம், ஒரே மேட்ரிக்ஸ் எண், வெவ்வேறு ஸ்டாம்பர். எல்லாப் பிரதிகளையும் ஒரே முறையில் கழுவினேன். ஒலி அளவைச் சமப்படுத்தினேன். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். தட்டை மாற்றியவர் என் மைத்துனர். எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

'ஜி' முதலிடம் பெறவில்லை. மூன்றெழுத்து ஸ்டாம்பர் கொண்ட ஒரு பிரதியில் பாடகரின் 'ஸ்' ஒலி சிதறாமல் வந்தது. 'ஜி'யில் அதே ஒலி, பக்கத்தின் கடைசிப் பாட்டில் கரகரத்தது. வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும் தடம், உள்ளே 21 செ.மீ.தான் ஓடுகிறது. நுண்ணிய ஒலிகள் அங்கே நெருக்கமாகப் பதிந்திருப்பதால் பழைய கனமான ஊசிகளின் தேய்மானம் முதலில் அங்கேதான் கேட்கும்.

அந்த எழுத்து சொல்வது எந்த ஸ்டாம்பர் என்பதை மட்டுமே. அது புதிதாக இருந்தபோது அழுத்திய தட்டா, தேய்ந்தபின் அழுத்தியதா என்பதை அல்ல. இதைவிட முக்கியமானது, ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு பிரதிகள்கூட ஒன்றுபோல ஒலிக்கவில்லை. ஒற்றைப் பிரதியைக் கேட்டுவிட்டு அந்தப் பதிப்பே மட்டம் என்று எழுதுகிறவர்களின் தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

*

ஐயா, உங்கள் ஸ்டாம்பர் கட்டுரையைப் படித்தேன். கனமான 180 கிராம் தட்டென்றால் ஒலியும் உயர்ந்தது என்ற நம்பிக்கையும் இப்படித்தான் பொய்த்ததைக் கண்டேன். ஒலியைத் தீர்மானிப்பவை மூல நாடாவும், ஒலியை முதலில் வெட்டிப் பதிக்கும் லாக்கர் தட்டை வெட்டிய விதமும், தட்டை அழுத்திய தரமும், எடை அல்ல. தட்டு தடித்தால் ஊசியின் கோணமும் சற்று மாறும், ஆகவே ஊசியைத் தாங்கும் ஆர்மின் உயரத்தைச் சரிசெய்தபின்தான் ஒப்பிடுகிறேன்.

கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்தியவற்றை 'இந்தியப் பிரதி' என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. என்னிடம் உள்ள டம்டம் பீட்டில்ஸ் தட்டில் பிரிட்டிஷ் மேட்ரிக்ஸ் எண்ணே இருக்கிறது. மேற்பரப்பு இரைச்சல் கூடுதல்தான். ஆனால் பேஸ் கிட்டார் உருண்டு திரண்டு வருகிறது. அடுத்த முறை டம்டம் பிரதி ஒன்றையும் வரிசையில் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள்.