அண்ணன் வலி மாத்திரையை விட மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

காரைக்குடித் தங்கை:
காநாடுகாத்தானில் பழைய வீட்டு மராமத்து வேலையில் சாரத்திலிருந்து விழுந்து அண்ணனுக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளைக்கு என்று கொடுத்த டிரமடால் வலி மாத்திரையை இன்னும் விடவில்லை, இங்கே ஒரு டாக்டர், தேவகோட்டையில் ஒரு டாக்டர் என்று இரண்டு சீட்டு வைத்து வாங்குகிறார், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. இதை யாருமே கண்காணிப்பதில்லையா?

மருந்துக்கடைக்காரன்:
கண்காணிப்பு இருக்கிறது தங்கச்சி. டிரமடால் எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ளது, டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் என் நோட்டு என் கடையில், தேவகோட்டைக் கடை நோட்டு அங்கே. இரண்டும் சந்திப்பதே இல்லை, அதுதான் ஓட்டை.

அமெரிக்காவில் நர்ஸ், ஊர் தேவகோட்டை:
இங்கே மாநில வாரியாகக் கணினிப் பதிவேடு உண்டு. வேலையில் அடிபட்டு வருகிறவருக்கு இந்த மாதிரி மாத்திரை எழுதும் முன், எந்தக் கடையில் எப்போது எத்தனை வாங்கினார் என்று டாக்டர் பார்த்துவிடலாம். ஆனால் பதிவைப் பார்த்துப் பயந்து மருந்தைச் சட்டென்று வெட்டியதில் நோயாளிகள் தவித்துப்போனார்கள், அப்படிச் செய்யாதீர்கள் என்று 2019-இல் இங்கே மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது. அதனால் மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரே டாக்டரிடம் போங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அண்ணன் குடிப்பாரா? இந்த மாத்திரையோடு குடித்தால் மூச்சே அடங்கிப்போகும்.

காரைக்குடித் தங்கை:
ராத்திரி கொஞ்சம் குடிப்பார் அக்கா. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.