புதுப்பிப்பு: தோளருகே முறிந்த எலும்புக்குக் கம்பி வைத்த பிறகு

படியில் வழுக்கி விழுந்ததில் என் இடது மேல்கை எலும்பு தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிந்து விலகிவிட்டதால், தகடு வைப்பதா, தோல் வழியே கம்பி செலுத்துவதா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். கம்பியையே தேர்ந்தெடுத்தோம், எலும்பு வலுவாக இருந்ததும், முறிவு பல துண்டுகளாகச் சிதறாததுமே அதற்குக் காரணம்.

தசையைப் பெரிதாகத் திறக்காமல், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே எலும்பை இழுத்து நேராக்கி மூன்று கம்பிகளைச் செலுத்தினார்கள். தோளைச் சுற்றிச் செல்லும் அக்குள் நரம்பில் கம்பி பட்டுவிடக் கூடாது என்பதால், அவற்றை நுழைக்கும் இடத்தைத் தேர்வதில்தான் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் என் தோளின் வெளிப்புறத் தோலைப் பஞ்சால் வருடி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கம்பி முனைகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு முனையைச் சுற்றித் தோல் சிவந்து நீர் கசிந்தது, மாத்திரையில் அடங்கிவிட்டது. கம்பி இடம் நகரக்கூடும் என்பதால் எக்ஸ்ரேவும் அடிக்கடி எடுத்தார்கள், அது வீண்செலவு என்று முணுமுணுத்தவன் நான்தான்.

ஐந்தாம் வார முடிவில், இம்முறை மயக்க மருந்தின்றி, சில நிமிடங்களில் கம்பிகளை உருவிவிட்டார்கள். எலும்பு கூடி வருகிறது. தோள்தான் இறுகிக் கிடக்கிறது: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டும் பயிற்சியைத் தினமும் செய்தும், தலை சீவும் அளவுக்குக் கை இன்னும் உயரவில்லை.