நுண்ணூட்டமா, சுவடா, இம்மியா?

குழுவினர்க்கு வணக்கம்.

தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளுக்காக ஃபுளோரைடு பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். ‘டிரேஸ் எலிமெண்ட்’ (மிகக் கொஞ்சமாக மட்டுமே இருக்கும் தனிமம்) வந்த இடத்தில், தமிழில் என்ன சொல்வது என்று மாட்டிக்கொண்டேன். முதலில் ‘நுண்ணூட்டத் தனிமம்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த சத்துணவு அக்கா கேட்டார்: “நுண்ணூட்டம்னா வயலுக்குப் போடறதுதானே சார்? நல்லதுதானே? அப்புறம் ஏன் புள்ளைங்க பல்லு பழுப்படிக்குது?”

நியாயமான கேள்வி. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் சொத்தையைத் தடுக்கும். 1.5-ஐத் தாண்டிய ஆழ்குழாய்த் தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் வருடக்கணக்காகக் குடித்தால் பல்லில் பழுப்புப் பட்டை விழும். அளவு இன்னும் ஏறினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இதே பெயரில் வரும் ஈயத்துக்கோ ஊட்டம் என்ற பேச்சே கிடையாது.

‘சுவடு தனிமம்’ என்கிறார்கள் சிலர். சுவடு என்றால் ஆள் போய்விட்டான், தடம்தான் மிச்சம். இது தண்ணீருக்குள்ளேயே அல்லவா இருக்கிறது!

‘இம்மித் தனிமம்’ எப்படி?

---

> ‘இம்மித் தனிமம்’ எப்படி?

ஐயா, இம்மி இன்று “இம்மியளவும் நகரமாட்டேன்” என்பதில்தான் உயிரோடு இருக்கிறது. பாடநூலில் வைத்தால் பிள்ளைகள் விழிப்பார்கள். ‘அருந்தனிமம்’ (அரிதாகக் கிடைக்கும் தனிமம்) போதாதா?

---

அம்மா, இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். புவியோட்டில் ஏறக்குறைய 5 விழுக்காடு அதுதான். வளர்ந்தவர் உடம்பிலோ மொத்தமே 4 கிராம் போலத்தான். காலடியில் கொட்டிக்கிடப்பதை ‘அரு’ என்று எப்படிச் சொல்வது? அருமண் தனிமங்கள் (‘ரேர் எர்த்’) என்ற வேறொரு வகையோடும் குழம்பும். ‘டிரேஸ்’ என்றால் எங்கே அளக்கிறோமோ அங்கே கொஞ்சமாக இருக்கிறது, அவ்வளவுதான் பொருள். இம்மி பழைய கீழ்வாய் இலக்கத்தில் (ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களின் வரிசையில்) முந்திரிக்கும் (1/320) வெகு கீழே உள்ள பின்னம். நல்லது கெட்டது எதுவும் பேசாத, வெறும் அளவுச் சொல். “இம்மியளவும்” என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

திருத்திய படியை அதே அக்காவிடம் கொடுத்தேன். “துளியூண்டுக்கே இந்தப் பாடா? காய்ச்சிக் குடிச்சா போயிடுமா சார்?” என்றார். போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். கையேட்டில் அந்த வரி விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன்.